அலாரத்துக்கு மாமி என்று பேர்

எங்கள் குடும்பத்தில் மாமியார் மருமகனோடு நேருக்கு நேர் கதைப்பதில்லை. இப்போதுள்ள பெண்டுகள் கதைக்கிறார்கள், ஒன்றாக நின்று போனில் படம் பிடிக்கிறார்கள், அது அவர்கள் பாடு. என் உம்மா என் புருஷனோடு மௌத்தாகும்வரை கதைத்ததில்லை. நானும் என் மருமகனோடு கதைத்ததில்லை. கிண்ணியாவில் ஒரே வீட்டில் இருக்கிறோம், ஒரே கிணற்றில் அள்ளுகிறோம், ஒரே குசினியில் ஆக்கித் தின்கிறோம். அவர் உள்ளே வந்தால் நான் முக்காட்டை இழுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விடுவேன். ஏதாவது கேட்க வேண்டுமென்றால் மகள் றுமானாவிடம் கேட்பேன், அவள் அவரிடம் கேட்பாள். அவள் வீட்டில் இல்லாவிட்டால் கதவுக்குப் பின்னால் நின்று, சோறு மேசையில் இருக்கிறது என்று சுவருக்குச் சொல்வேன். அவரும் சுவரைப் பார்த்து ஓம் என்பார். இதுதான் மரியாதை என்று எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். இதனால் யாரும் செத்ததாக அப்போது நான் கேள்விப்பட்டதில்லை.

மருமகனின் பெயர் அஸ்ஹான். அவர் இவர் என்றுதான் சொல்ல வேண்டும், சொல்கிறேன். கெட்டவர் இல்லை. குடிக்கமாட்டார். மகளைக் கைநீட்டி அடித்ததில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தால் கேட்காமலே மருந்து வாங்கிவந்து மேசையில் வைத்துவிட்டுப் போவார். ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் ஆள் மாறிவிடும். முன்னால் ஒரு வாகனம் போனால் அது அவரை அவமானப்படுத்திவிட்டுப் போகிறது என்று நினைப்பு. தொழிலும் அதற்கேற்ற தொழில். வெளிநாடு போகிறவர்களை ஏற்றிக்கொண்டு கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு ஓடுகிற ஹயர்.

முதலில் அவர் ஓட்டியது வேறொருவரின் பழைய வான். அதன் பின்சீட்டில் நான் பட்ட பாடு எனக்கும் அல்லாஹ்வுக்கும்தான் தெரியும். கந்தளாய்ப் பக்கம் ரோட்டு நேராகக் கிடந்தால் போதும், வான் பறக்கும். வாயைத் திறந்து சொல்ல எனக்கு ஏலாது. இருமுவேன். யா அல்லாஹ் என்பேன், கொஞ்சம் சத்தமாகவே. முன்னால் இருக்கும் றுமானாவின் தோளில் கிள்ளுவேன். அவள் என்ன சொல்வாள் தெரியுமா? உம்மாவுக்குத் தலை சுற்றுகிறதாம் என்பாள். அவர் கண்ணாடியைத் திறந்துவிடச் சொல்வார். காற்றடித்து என் முக்காடு பறக்கும், வேகம் மட்டும் அப்படியே இருக்கும்.

சீதனத்தில் வீட்டோடு ஒரு புது வானும் தருவதாக என் புருஷன் கலீலுர் றஹ்மான் நிக்காஹ்வின்போதே வாக்குக் கொடுத்துவிட்டார். அப்போது நாட்டில் வாகன இறக்குமதியே கிடையாது, பெற்றோலுக்கே வரிசையில் நின்று செத்துக்கொண்டிருந்தோம். இனி எங்கே திறக்கப்போகிறார்கள் என்ற தைரியத்தில் கொடுத்த வாக்கு அது. திறந்துவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் கொஞ்ச நாளில் வந்து, தேத்தண்ணி குடித்து, மழையைப் பற்றிக் கதைத்து, எழும்பும்போது வானைப் பற்றியும் கதைத்துவிட்டுப் போனார்கள். புருஷன் அடுத்த நாளே கடைகடையாகப் போய் விசாரிக்கத் தொடங்கினார்.

வாங்கப் போன இடத்துக்கு நானும் போனேன். கழுத்துப்பட்டி கட்டிய விற்பனையாளன் கதவுகளைத் திறந்து காட்டி, ஏசியைப் போட்டுக் காட்டி, கடைசியில் ஒரு விஷயம் சொன்னான். இந்த வானில் வேகம் கூடினால் எச்சரிக்கிற அலாரம் கம்பனியிலேயே பூட்டி வருகிறதாம். அறுபதில் வைத்தால் வேகமுள் அறுபதைத் தாண்டியதும் கத்தத் தொடங்கும், குறைக்கும்வரை விடாதாம். சில நாடுகளில் இது இல்லாமல் புது வாகனத்தை ரோட்டில் இறக்கவே விடமாட்டார்களாம். இங்கேயும் எல்லாப் புது வாகனத்துக்கும் கட்டாயமாக்க வேண்டும் என்று கதை நடக்கிறதாம். மருமகன் அதைக் காதில் போடவில்லை, ரேடியோவின் பொத்தான்களை அமத்திக்கொண்டிருந்தார். எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. அறுபதில் வைக்கச் சொல்லு என்று றுமானாவின் காதில் சொன்னேன். அவள் விற்பனையாளனிடம் சொன்னாள், அவன் வைத்துக் கொடுத்தான்.

முதல் ஒரு மாதம் நான் ராணிமாதிரிப் போய்வந்தேன். சொன்னால் சிரிப்பீர்கள், அந்த அலாரத்தின்மேல் எனக்கு ஒரு பிரியமே வந்துவிட்டது. எதுவெல்லாம் என் தொண்டையில் நின்றதோ, அதையெல்லாம் அது சொன்னது. மருமகன் என்றும் பார்க்காது, கோபித்துக்கொள்வாரே என்றும் பார்க்காது. பீப் பீப் என்று ஒரே பிடிவாதம். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு காலைத் தளர்த்துவார். நான் பின்னால் இருந்து ஜன்னலால் வயலைப் பார்ப்பேன். கலியாணம் முடித்துக்கொடுத்த நாளிலிருந்து அந்த மனிதரின் வாகனத்தில் நான் ஜன்னலால் எதையாவது பார்த்தது அப்போதுதான்.

அதைக் கெடுக்க வந்தான் ஸப்வான். மருமகனின் கூட்டாளி, மெயின் ரோட்டில் வாகன வயரிங் கடை வைத்திருக்கிறவன். ஒரு நாள் இவர்கள் நாலைந்து பேர் வானில் எங்கோ போய்விட்டு வந்து, வீட்டுக்கு முன்னால் நிறுத்தி, கழுவிக்கொண்டிருந்தார்கள். ஒரே சிரிப்பு. குசினி ஜன்னல் அந்தப் பக்கம்தான். வழியெல்லாம் அலாரம் கத்தியதாம். கத்தும்போதெல்லாம் ஸப்வான், "மச்சான், உன்ட மாமி கத்துறாடா" என்றானாம். அதிலிருந்து அலாரத்துக்கு மாமி என்று பேர். மாமி கத்துகிறா, மாமிக்குப் பயந்தவன், மாமி விடமாட்டா. நான் மீன் கழுவிய கையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பெயர் வைத்த நாய்க்கு என் குரல் எப்படியிருக்கும் என்றே தெரியாது. வாழ்நாளில் அந்தக் கூட்டாளிகள் யாருடைய காதிலும் என் சத்தம் விழுந்ததில்லை.

பகிடி என்றால் மருமகன் தாங்கமாட்டார். அந்த இடத்திலேயே ஸப்வான் டாஷ்போட்டுக்குக் கீழே தலையைவிட்டு ஒரு வயரை அறுத்துவிட்டான். மாமியின் வாயைக் கட்டியாயிற்று என்று அவன் சொல்ல, மற்றவர்கள் கைதட்டினார்கள். அவரும் சிரித்தார். எனக்கு உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை பற்றி எரிந்தது. புருஷனிடம் போய்ச் சொன்னேன். ஆம்பிளைகள் பகிடி பண்ணுவதற்கெல்லாம் நீ ஏன் காது கொடுக்கிறாய் என்றார். பகிடியை விடுங்கள், வயரைத் திரும்பப் பூட்டச் சொல்லுங்கள் என்றேன். சீதனமாகக் கொடுத்த சாமானில் இனி நாங்கள் கைவைக்க ஏலாது என்றார். மகளிடம் சொன்னேன். ஹயர் வருகிற சனங்களுக்குச் சத்தம் எரிச்சலாம் உம்மா என்றாள். ஆளுக்கொரு நியாயம் வைத்திருந்தார்கள். என்னிடமும் ஒன்று இருந்தது, ஆனால் அதைச் சொல்ல வேண்டிய ஆளிடம் நான் கதைப்பதில்லை.

அதற்குப் பிறகு முள்ளைப் பார்ப்பது என் வேலையாகிவிட்டது. றுமானாவுக்குப் பின்சீட்டில் இருந்தால் ஸ்டியரிங்குக்குள்ளால் முள் தெரியும். அறுபது, எழுபது, எண்பது என்று அது ஏற ஏற முன்சீட்டின் விளிம்பை இறுகப் பிடிப்பேன். பிறகு பழையபடி இருமல், பழையபடி யா அல்லாஹ், பழையபடி தலைச்சுற்று.

அன்றைக்குக் குச்சவெளியில் என் புருஷனின் தங்கை மகனுக்கு வலீமா விருந்து. பகல் சாப்பாடு முடிந்ததும் மருமகன் அவசரப்படுத்தினார். பின்னேரம் ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கட்டுநாயக்க போகவேண்டுமாம். புருஷன் தங்கையோடு நின்றுவிட்டார். வந்தது நாங்கள் மூன்று பேர்தான். றுமானா நன்றாகச் சாப்பிட்டுவிட்டு முன்சீட்டில் சாய்ந்து தூங்கிப்போனாள். அவளுடைய வாய்தான் என் வாய். அது தூங்கிவிட்டது.

நிலாவெளியைத் தாண்டும்போதே முள் தொண்ணூறில். நான் இருமினேன். இருமி இருமி எனக்கே தொண்டை நொந்தது. அவர் ஒரு கையால் தண்ணீர்ப் போத்தலை எடுத்துப் பின்னால் நீட்டினார், திரும்பிப் பார்க்காமலே. அந்த மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. நான் போத்தலை வாங்கிக்கொண்டேன். சாம்பல்தீவு வந்தது, கடைகள், ஆட்கள், மாடுகள். முள் இறங்கவில்லை.

சல்லிக்குத் திரும்புகிற சந்தியில், எதிர்ப்பக்கமிருந்து ஒரு பெண் சைக்கிளில் வந்தாள். பின்னால் வெறும் மீன்பெட்டி. டவுன் பக்கம் விற்று முடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறாள் என்று பார்த்ததும் தெரியும். ரோட்டைக் கடந்து சல்லிப் பக்கம் திரும்பவேண்டும். அவள் தலையைத் தூக்கி எங்கள் வானைப் பார்த்தாள். நான் என் கண்ணால் கண்டேன், பார்த்துவிட்டுத்தான் திரும்பினாள். வான் தூரத்தில் இருந்தது. அறுபதில் வருகிற வானென்றால் அவள் கடந்து போய், பெட்டியை இறக்கிவைத்து, முகமும் கழுவியிருக்கலாம்.

மருமகன், மெதுவாப் போங்க. அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. நாக்கு நுனிவரை வந்தது. வந்து, அங்கே நின்றுவிட்டது. நான் என்ன செய்தேன்? எட்டி றுமானாவின் தோளைப் பிடித்து உலுக்கினேன். அவள் கண்ணைக்கூடத் திறக்காமல், "என்ன உம்மா?" என்றாள். அவள் கேட்டு முடிக்கவில்லை, வான் அடித்துவிட்டது.

ராசமலர் என்பது அவள் பெயர். கூடிய ஆட்கள் சொல்லித்தான் அதை அறிந்தேன். நான் இறங்கி ஓடி அவளுக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து அவள் தலையை மடியில் எடுத்து வைத்தேன். கையில் மீன் வாடை. கண் திறந்திருந்தது. வாய் எதையோ சொல்லப் பார்த்தது, வரவில்லை. மருமகன் தலையில் கைவைத்துக்கொண்டு ரோட்டோரத்தில் குந்தி, தான் வேண்டுமென்று செய்யவில்லை என்று அழுதுகொண்டிருந்தார். ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

ஆட்கள் அவளை அந்த ஓட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தபோது ஸப்வான் வந்து சேர்ந்தான். அவனும் வலீமாவுக்கு வந்து எங்களுக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் புறப்பட்டவன். நேராக எங்கள் வானுக்குப் போனான், டாஷ்போட்டுக்குக் கீழே குனிந்தான், கொஞ்ச நேரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு இறங்கினான். மருமகனின் போனைத் தேடுகிறானாக்கும் என்று நினைத்தேன். பொலிஸ் வந்து மருமகனையும் வானையும் கொண்டுபோனது. ஸப்வான் அங்கே என்ன செய்தான் என்பது எனக்கு அடுத்த நாள் காலையில்தான் விளங்கியது.

காலையில் பொலிஸ் நிலையத்துக்குப் போகும் வழியில் ஓட்டோவுக்குள் வைத்து மகள் எனக்குப் பாடம் சொல்லித் தந்தாள். அவள் கணவர் வாக்குமூலம் கொடுத்துவிட்டாராம். இந்த வானில் வேக அலாரம் இருக்கிறது, அறுபதைத் தாண்டினால் கத்தும், அன்றைக்குக் கத்தவில்லை, ஆகவே நான் அறுபதுக்குள்தான் வந்தேன், அந்தப் பெண்தான் பார்க்காமல் குறுக்கே திரும்பினாள் என்று. வாகனப் பரிசோதகர் வந்து வானை ஓட்டிப் பார்த்தாராம். அறுபதைத் தாண்டியதும் அலாரம் அழகாகக் கத்தியதாம். இனி வானுக்குள் இருந்த நாங்கள் சொல்ல வேண்டியது மட்டும்தான் மிச்சம்.

"நீங்க பொய் சொல்ல வேணாம் உம்மா," என்றாள் றுமானா. "சத்தம் கேட்டதா எண்டு கேப்பாங்க. கேக்கல்ல எண்டு சொல்லுங்க. அது உண்மைதானே."

உண்மைதான். என் மகள் எப்போது இவ்வளவு கெட்டிக்காரியானாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கண் வீங்கியிருந்தது. இரவு முழுக்க அழுதிருக்கிறாள். அவளைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. புருஷன் மறியலுக்குப் போய்க் கம்பிக்குள் கிடந்தால் அவள் வாழ்க்கை என்னாவது? மாப்பிள்ளை வீட்டார் சும்மா இருப்பார்களா? நானும் தாய்தானே. சொல்லிவிட்டு வந்துவிடுவோம் என்றுதான் ஓட்டோவால் இறங்கினேன். சத்தியமாக அப்படித்தான் இறங்கினேன்.

உள்ளே என் புருஷன் ஏற்கனவே வந்து நின்றார். மருமகன் ஒரு மூலையில் வாங்குப் பலகையில் இருந்தார், ஒரே இரவில் பாதியாகிப்போய். மற்ற மூலையில் கறுத்து மெலிந்த ஒரு மனிதர். முத்தன், ராசமலரின் புருஷன். உடலைப் பொறுப்பெடுப்பதற்கு முன்னால் எதிலோ கையெழுத்து வைக்க வந்திருந்தார். காலில் செருப்பில்லை. எழுதுகிற மேசையில் சோமசேகரம் என்ற தமிழ் இன்ஸ்பெக்டர். மரியாதையான மனிதர், எனக்குக் கதிரை போடச் சொன்னார். பெயர் கேட்டார். ஆமினா உம்மா என்றேன். எங்கே இருந்தீர்கள், எத்தனை பேர் இருந்தீர்கள் என்றெல்லாம் கேட்டுவிட்டு, அலாரம் கேட்டதா என்று கேட்டார்.

"கேக்கல்ல," என்றேன்.

அவர் எழுதினார். எனக்குப் பின்னால் றுமானா மூச்சைவிட்டது கேட்டது. இன்ஸ்பெக்டர் தாளை என் பக்கம் திருப்பி, கையெழுத்து வைக்கும் இடத்தைக் காட்டினார். நான் பேனாவைக் கையில் எடுத்துவிட்டேன்.

அப்போது மூலையிலிருந்து முத்தன், யாரையும் குறிப்பாகப் பார்க்காமல், மெல்லக் கேட்டார்.

"அப்ப என்ட மனுசிதான் பாக்காமத் திரும்பினவள் என்ன, ஐயா?"

முத்தன் தலையை ஆட்டிக்கொண்டார். நம்பிவிட்டார் அந்த மனிதர். அவளுடைய பிழைதான் என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகப்போகிறார், பிள்ளைகளுக்கும் அதையே சொல்லப்போகிறார். செத்தவளின் தலையில் அதையும் ஏற்றிவிட்டோம். எனக்கு வந்த ஆத்திரம் யார்மேல் என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது. மருமகன்மேலா, மகள்மேலா, அந்த ஸப்வான்மேலா, எல்லோர்மேலுமா. பேனாவை மேசையில் வைத்தேன்.

"கேக்கல்ல. கேக்கவும் ஏலாது," என்றேன். "அத அறுத்துப்போட்டுக் கனகாலம். நேத்து ஆக்கள் கூடி நிக்கக்குள்ள ஸப்வான் எண்டவன் வந்து திரும்பப் பூட்டினான். முள்ளு தொண்ணூறுல நிண்டது. நான் பாத்துக்கொண்டுதான் வந்தனான். அந்தப் புள்ள எங்களப் பாத்துட்டுத்தான் திரும்பினா. அவவில ஒரு பிழையும் இல்ல. இத எழுதுங்க."

என் புருஷன் நிலத்தைப் பார்த்தார். றுமானா உம்மா என்று ஒருதரம் சொன்னாள், பிறகு வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள். அவள் வெளியே வாந்தி எடுப்பது கேட்டது. நான் எழும்பிப் போகவில்லை. எழும்பினால் இதை முடிக்கமாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

இன்ஸ்பெக்டர் புதுத் தாள் எடுத்தார். அப்போது மருமகன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். முகத்துக்கு முகம். அவர் கண் என்ன நிறம் என்று அப்போதுதான் கண்டேன். கோபம் இல்லை அதில். அழுத கண்.

"மாமி," என்றார். "இத நீங்க அப்பவே வானுக்குள்ள சொல்லியிருந்தா நான் மெதுவாப் போயிருப்பனே."

கலியாணத்துக்குப் பிறகு அவர் என்னைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை அது. உன் மாமியின் வாயைத்தானே நீ வயரோடு அறுத்துப் போட்டாய் என்று கத்தப் பார்த்தேன். அதற்குள் முத்தன் கதைத்துவிட்டார்.

"சொன்ன ஒண்டத்தானே தம்பி நீங்கள் அறுத்துப்போட்டனீங்கள்," என்றார்.

மருமகன் தலையைக் குனிந்துகொண்டார். எனக்காக ஒரு ஆள் கதைத்துவிட்டது, அதுவும் கதைக்க ஒரு கடமையும் இல்லாத ஆள். நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்குவதுபோல இருந்தது. நன்றி சொல்வதுபோல அவர் பக்கம் திரும்பினேன்.

முத்தன் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"நீங்களும் சொல்லியிருக்கலாந்தானே அம்மா," என்றார்.

அதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பேன்.